பழைய புல்லட்டுக்குப் புதிய ஷாக் அப்சார்பர் தகும்!



பழைய புல்லட்டின் பின்சக்கரத்துக்கு இக்காலத்து கேஸ் ஷாக் அப்சார்பரைப் பூட்டுவது அதன் பாரம்பரியத்துக்கே துரோகம் என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். அந்த வண்டியின் சரித்திரத்தை ஒருமுறையேனும் அவர் புரட்டிப் பார்த்திருந்தால், இந்நேரம் என் பக்கத்து நாற்காலியில் அல்லவா வீற்றிருப்பார்!

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களின் பின்சக்கரம் பிரேமோடு இறுகப் பிணைக்கப்பட்டு, ஸீட்டுக்கு அடியிலிருந்த ஸ்பிரிங் மட்டுமே ஓட்டுபவனின் முதுகெலும்புக்கு ரட்சகனாக இருந்த காலத்தில், பின்சக்கரம் மேலும் கீழும் அசைந்தால் தரையைப் பற்றும் சக்தியை இழந்துவிடும் என்று அனுபவசாலிகளே சாதித்துக்கொண்டிருந்த வேளையில், ஸ்விங் ஆர்மும் இரண்டு ஷாக் அப்சார்பர்களும் கொண்ட புல்லட்டை ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் 1948-இல் களத்தில் இறக்கினார்கள். அவ்வாண்டே இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் அதை ஓட்டிய இருவரும் தங்கப் பதக்கம் பெற்றார்கள். அன்றும் ஓர் எதிரணி இருந்தது, அதுவும் பழைய சம்பிரதாயத்தின் பெயரால்தான் பேசியது, தோற்றும் போயிற்று. பின்சக்கரத்தைத் துணிந்து சீர்திருத்தியதுதான், ஐயா, புல்லட்டின் பாரம்பரியம்!

அந்தப் பாரம்பரியம் 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸாரின் கூட்டுறவால் தடாக்காரர்களான நமக்குத் தெற்கே திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. அக்கால வண்டிகளிலுள்ள ஷாக் அப்சார்பரின் நிலை இன்று என்ன? ஸ்பிரிங் தாங்குகிறது, அதன் துள்ளலை அடக்க வேண்டிய எண்ணெயோ, சீல் தேய்ந்து கசிந்தும், காற்றுக் கலந்து நுரைத்தும், தன் கடமையை மறந்துவிட்டது. சக்கரம் தரையைவிட்டு எழும்பும் கணத்தில் பிரேக்கை மிதித்து என்ன பிரயோஜனம்? புதிய கேஸ் ஷாக் அப்சார்பரிலோ, நைட்ரஜன் வாயுவின் அழுத்தம் எண்ணெயை நுரைக்கவிடாமல் காக்கிறது. இவ்வளவுதான் நாம் செய்யும் மகாபாதகம்!

எதிரணி நண்பருக்கு ஒரு விண்ணப்பம். தம் தாயாரை அந்தப் பழைய ஷாக் அப்சார்பர் வண்டியின் பின்னால் உட்காரவைத்துச் சூளூர்ப்பேட்டை செங்காளம்மன் கோயிலுக்கு ஒருதரம் அழைத்துச் செல்லட்டும். போகும்போது அந்த அம்மையார் பிள்ளையின் க்ஷேமத்துக்காக அம்மனை வேண்டுவார். திரும்பும்போது தம் இடுப்புக்காக வேண்டுவார். மறுவாரம் பஸ்ஸில் போவார். வரதய்யபாளையம் வழியாக உப்பலமடுகு அருவிக்கு அழைத்துப்போகிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட வேண்டாம். பெற்றவளுக்குச் செய்யத்தக்க காரியமன்று அது! பெற்ற தாயின் முதுகைவிடத் துருப்பிடித்த ஒரு குழாய் எந்தச் சாஸ்திரத்தில் ஐயா புனிதமானது?

நண்பர் சட்டத்தைக் காட்டி வேறு பயமுறுத்தினார். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட விதியில், பெரிய மாறுதல்களுக்கு உதாரணமாகப் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டவை சேஸிஸ், பாடி, என்ஜின். ஷாக் அப்சார்பரை அங்கே எனக்குக் காட்டட்டும், நான் மேடையைவிட்டு இறங்கிவிடுகிறேன். நாம் பிரேமை அறுக்கவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. அதே நீளத்தில் வாங்கி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு நட்டுகளைக் கழற்றி முடுக்குகிறோம். கழற்றியவற்றை நண்பர் கேட்டால் இன்றே தந்துவிடுகிறேன். அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்து ஆராதிக்கட்டும். வண்டியை மட்டும் ரோட்டுக்கு விட்டுவிடச் சொல்லுங்கள்!