இரு குடித்தனமும் ஒரு வாயிலும்



ஒரு வீட்டில் இரண்டு குடித்தனங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தெருவாயில் ஒன்றே. அதன் சாவியோ, பின்னால் வந்த குடித்தனத்தாரிடம் இருக்கிறது. அவர்களைக் காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரர் சாவியைக் கேட்டு வாங்க மறந்துவிட்டால் என்ன ஆகும்? போகிறவர்கள் போய்விடுவார்கள், இருக்கிறவர்கள் தம் வீட்டுக்குள் தாமே நுழைய இயலாமல் தெருவில் நிற்பார்கள். இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியிலிருந்து ஒன்றை நீக்குவதும் இத்தகைய காரியந்தான். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கணினியின் உறுப்புகளையெல்லாம் ஆண்டு நடத்தும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் அவற்றுள் ஒன்று. 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த லினக்ஸ் மற்றொன்று. ஒரே வன்தட்டைப் பிரிவுகளாக வகுத்து, இரண்டையும் அருகருகே குடியேற்றலாம். 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோசும், இந்தியாவில் உருவாக்கப்பட்ட பாஸ் லினக்சும் இவ்வாறு சேர்ந்து இருந்தன. கற்கும் ஆவலால் தாமாகவே இரண்டாவது ஒன்றை நிறுவிக்கொள்வோரும் பலர். பின்னர் இடம் போதாமையாலோ, பயன் முடிந்தமையாலோ, ஒன்றை நீக்கவேண்டிய நிலை வருகிறது.

ஒரு பிரிவை அழிப்பதற்கு ஒரு நொடி போதும். இடர் அழிப்பதில் இல்லை. அழித்தபின் கணினி எழுமா என்பதில்தான் இருக்கிறது. அதை அறிய, கணினி எழும் முறையைச் சிறிது பார்ப்போம்.

விசையை அழுத்தியவுடன் இயங்குதளம் எழுந்துவிடுவதில்லை. தாய்ப்பலகையில் பதிந்துள்ள ஒரு நிரலே முதலில் விழிக்கிறது. பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யுஇஎப்ஐ. அது பூட் லோடர் என்னும் இன்னொரு சிறு நிரலைத் தேடி அழைக்கிறது. அந்த லோடரே இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றிவிடுகிறது. நம் உவமையில் சாவியை வைத்திருப்பவன் இவன்தான். விண்டோஸ் உள்ள கணினியில் லினக்சை நிறுவும்போது, பெரும்பாலும் லினக்சின் லோடராகிய கிரப் முதலிடம் பெறுகிறது. எந்த இயங்குதளத்துக்குள் போகவேண்டும் என்று அதுவே நம்மைக் கேட்கிறது.

பயாஸ் முறையில், வன்தட்டின் முதற்கூறு 512 பைட்டுகள் கொண்டது. அதில் லோடருக்குக் கிடைப்பவை 446 பைட்டுகளே. 64 பைட்டுகள் பிரிவுகளின் அட்டவணைக்கும், 2 பைட்டுகள் அடையாளக் குறிக்கும் போய்விடுகின்றன. இச்சிறு இடத்தில் கிரப் முழுவதும் அடங்காது. ஆதலால் தலையை அங்கே வைத்துவிட்டு, உடலின் பெரும்பகுதியை லினக்சின் பிரிவுக்குள் வைத்திருக்கிறது. அப்பிரிவை அழித்துவிட்டால், எஞ்சிய தலை தன் உடலைத் தேடுகிறது. காணாமல், கரிய திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று காட்டி நின்றுவிடுகிறது. விண்டோசுக்கு ஒரு குறையும் நேரவில்லை. மாணவர் எழுதிய கட்டுரைகளும் ஆய்வேடும் உள்ளே பத்திரமாக இருக்கின்றன; உள்ளே போகத்தான் வழியில்லை. இதை அறியாமல், கணினியே பாழாயிற்று என அஞ்சி, வன்தட்டு முழுவதையும் துடைத்து மறுபடி நிறுவுவோர் உண்டு. உண்மையான இழப்பு அங்கேதான் நேர்கிறது.

யுஇஎப்ஐ முறையில் வாயில் சற்று வேறு. லோடர்களுக்கென்றே ஒரு சிறு பிரிவு உண்டு. அதில் விண்டோசுக்கு ஒரு கோப்புறை, லினக்சுக்கு ஒரு கோப்புறை எனத் தனித்தனியே இருக்கும். எதை முதலில் அழைப்பது என்னும் வரிசை தாய்ப்பலகையில் பதிந்திருக்கும். இப்பிரிவு இருவருக்கும் பொதுவான வாயில். ஒருவர் போகிறார் என்று இதை இடித்துவிடலாகாது.

இனி, லினக்சை நீக்கி விண்டோசை வைத்துக்கொள்ள விரும்புவோர் செய்யவேண்டியவற்றை முறையாகச் சொல்கிறேன்.

முதலாவது, போகிற குடித்தனத்தில் நம் பொருள் ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்து, வேண்டிய கோப்புகளையெல்லாம் வெளி வட்டிலோ வேறிடத்திலோ படியெடுத்து, அந்தப் படி திறக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். விண்டோசை மீட்க உதவும் யுஎஸ்பி ஒன்றையும் ஆயத்தமாக வைத்துக்கொள்வது நலம். வன்தட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். தொடங்கும் முறை மாறும்போது கணினி அதைக் கேட்கக்கூடும்.

இரண்டாவது, சாவியை மாற்றுவது. யுஇஎப்ஐ கணினியில் தொடக்க வரிசையைத் திறந்து, விண்டோசின் லோடரை முதலில் வைக்க வேண்டும். பயாஸ் கணினியில், விண்டோசின் மீட்புச் சாதனத்தால் தொடங்கி, பூட்ரெக் என்னும் கட்டளையால் முதற்கூற்றிலுள்ள லோடரை மீண்டும் எழுத வேண்டும். பிறகு கணினியை அணைத்து, இரண்டொரு முறை தொடங்கிப் பாருங்கள். கிரப் குறுக்கிடாமல் விண்டோஸ் நேரே எழுந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம். இதுவரை எதையும் அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தவறு நேர்ந்திருந்தாலும் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது.

மூன்றாவதாகத்தான் அழித்தல். விண்டோசின் வட்டு மேலாண்மைக் கருவியில் லினக்சின் பிரிவுகள் எழுத்துப் பெயரின்றித் தோன்றும். பெயரில்லாதவை எல்லாம் லினக்சினுடையவை அல்ல. முன்சொன்ன பொது வாயிலும், விண்டோசின் மீட்புப் பிரிவும் பெயரின்றியே இருக்கும். எனவே லினக்சை நிறுவியபோது அளித்த அளவுகளோடு ஒப்பிட்டுத் தெளிந்தபின் அழியுங்கள். கிடைத்த இடம் விண்டோசின் பிரிவுக்கு வலப்புறம் ஒட்டியிருந்தால், அதனோடு சேர்த்து விரிக்கலாம். இடையே வேறொரு பிரிவு இருந்தால் அக்கருவி விரிக்க இடந்தராது. அப்போது அவ்விடத்தில் புதிய பிரிவொன்று அமைத்துக்கொள்ளலாம்.

விண்டோசை நீக்கி லினக்சை வைத்துக்கொள்வோருக்குச் சாவி முன்னமே அவர்கள் கையில் இருக்கிறது. அவர்களும் பொது வாயிலைத் தொடலாகாது. விண்டோசின் பிரிவைத் தானாக இணைக்கும்படி லினக்சில் எழுதிவைத்திருந்தால், அவ்வரியை முதலில் எடுத்துவிட வேண்டும். இல்லையேல் தொடங்கும்போது இல்லாத பிரிவைத் தேடித் தடுமாறும். பின்னர் கிரப்பின் பட்டியலைப் புதுப்பித்தால், போனவரின் பெயர் அதிலிருந்து நீங்கும்.

தவறான பிரிவை அழித்துவிட்டால் என்ன செய்வது? உடனே நிறுத்திவிடுங்கள். அழிந்தது பெரும்பாலும் அட்டவணையிலுள்ள குறிப்பே. உள்ளிருந்தவை அப்படியே கிடக்கக்கூடும். புதிய பிரிவு அமைத்து அதில் எழுதாதவரை, டெஸ்ட்டிஸ்க் போன்ற கருவிகளால் அக்குறிப்பை மீட்க வாய்ப்புண்டு. பதற்றத்தில் மேலும் மேலும் செய்பவையே அவ்வாய்ப்பைக் கெடுக்கின்றன.

படியெடுத்தல், சாவி மாற்றுதல், சோதித்தல், அழித்தல் என்னும் இந்த வரிசையை மனத்தில் இருத்துங்கள். நான்கும் சேர்ந்து ஒரு மாலைப்பொழுதில் முடியும் வேலைதான். தேர்வுக்கோ ஆய்வேடு ஒப்படைப்பதற்கோ முந்திய நாளாக அது இராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.