‘பறையன்’ என்று பேர் வைத்தவர்

(ஒரகடத்தில் தொழிலாளர் வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நீங்க ஒரு சின்ன ஏடு தொடங்கப்போறதாகச் சொன்னீங்க. அதனால் நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்துப் பத்திரிகைக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனிகளில் கணக்கெழுதியவர். நானும் கணக்கெழுதுகிறவன் என்பதால் அவர்மேல் கூடுதல் பிரியம்.

1893 அக்டோபரில் சென்னையில் அவர் தொடங்கிய ஏட்டின் பேர் ‘பறையன்’. வசைச்சொல்லாக வீசப்பட்டதைத் தலைப்பில் அச்சடித்தார். பேரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது என்பது அவர் கட்சி. அவருடைய சகோதரியின் கணவர் அயோத்திதாச பண்டிதர் இதை ஏற்கவில்லை. எதிரி ஒட்டிய பேரை நாம ஏன் சுமக்கணும், நாம பூர்வ பௌத்தர்கள் என்றார். பண்டிதர் சொல்றது என் அறிவுக்குப் பொருந்துது. ஆனா கூட்டம் சேர்க்கணும்னா சீனிவாசன் வழிதான்.

சேர்த்தும் காட்டினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தணும்னு காங்கிரஸ் கேட்டது. அதே 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் போட்டு எதிர்த்தார். 3,412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீள மனு லண்டன் பாராளுமன்றத்துக்குப் போச்சு. இதைத் துரோகம்னு சொல்றவங்க உண்டு. கலெக்டர் நாற்காலியில் ஊர்த்தெருக்காரன் உட்கார்ந்தா சேரிக்கு என்ன கதின்னு கேட்டது துரோகமா? இன்னைக்கு ஒப்பந்தத் தொழிலாளியை எடுக்கிற காண்ட்ராக்டர் யாரு, எந்தத் தெருன்னு நாம கேக்கறதில்லையா?

ஏடு பிறகு வார இதழாகி 1900 வரை வந்தது. 1924இல் சட்டசபையில் பொதுத்தெரு, கிணறு எல்லாம் நமக்கும் உரியது என்று தீர்மானம் கொண்டுவந்தவரும் அவர்தான்.

2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் அறிவித்தார். நல்லது, பண்டிதர் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனா சம்பளக் கணக்கு திறக்க வர்ற பசங்களுக்கு முகவரி எழுதற இடத்துல பேனா இன்னும் நிக்குது. ஷிப்ட் முடிச்சு வாடகைக்கு ரூம் தேடிப் போறவனை வீட்டுக்காரர் முதல்ல கேக்கறது சம்பளத்தை இல்ல, ‘நீங்க என்ன ஆளுங்க?’ன்னுதான். எந்தத் தெருவுல, எந்தத் தேதியில, என்ன சொல்லித் திருப்பி அனுப்பினாங்க — உங்க முதல் இதழ்ல இதைப் போடுங்க. விலாசத்தோட.