கூடைப்பந்தும் கடிகாரமும்

அமெரிக்க நாட்டில் கூடைப்பந்தாட்டம் இரண்டு வீடுகளில் குடியிருக்கிறது. ஒன்று, சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் தொழில்முறைச் சங்கம், என்.பி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கின்றனர். மற்றொன்று, கல்லூரிகளும் பல்கலைக் கழகங்களும். இரண்டையும் நெடுங்காலமாகப் பார்த்து வருகிற ரசிகன் நான். இவற்றுள் எது சிறந்தது என்று மாணவர்கள் என்னைக் கேட்பதுண்டு. ஆட்டத்தின் நுட்பத்தில் தொழில்முறையே மேல் என்று தயங்காமல் சொல்வேன். ஆயினும், மார்ச்சு மாதம் பிறந்துவிட்டால் நான் உறக்கம் கெட்டு விழித்திருப்பது கல்லூரி ஆட்டத்துக்காகத்தான். இம்முரண்பாடு ஏன் என்று எண்ணிப் பார்க்கையில், காலத்தை அவ்விரு வீட்டாரும் வெவ்வேறு வகையில் அளப்பதே காரணம் என்று எனக்குத் தோன்றியது.

1950ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் மினியாபொலிஸ் நகரில் ஒரு தொழில்முறை ஆட்டம் நடந்தது. அவ்வூர் லேக்கர்ஸ் கோஷ்டியில் ஜார்ஜ் மைக்கன் என்ற நெடிதுயர்ந்த ஆட்டக்காரர் இருந்தார். கூடையருகே அவரைத் தடுப்பது அரிது. ஆகவே எதிர்த்து ஆட வந்த ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் கோஷ்டியார் ஓர் உபாயம் செய்தனர். பந்து தம் கைக்கு வந்ததும் அதைக் கூடையை நோக்கி எறியாமல் தம்முள்ளேயே வைத்துக் கொண்டு நின்றனர். விதிகளில் அதற்குத் தடை இல்லை. 48 நிமிட ஆட்டம் முடிந்தபோது பிஸ்டன்ஸ் 19, லேக்கர்ஸ் 18. அந்தப் பதினெட்டில் பதினைந்து, மைக்கன் ஒருவரே எடுத்தவை. காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வந்தவர்கள் கண்டதோ, பத்துப் பேர் பொழுது போக்கிக்கொண்டிருந்த காட்சி.

இந்நோய்க்கு மருந்து கண்டவர் ஆட்டக்காரர் அல்லர். சிரக்யூஸ் நகரின் கோஷ்டிக்கு உரிமையாளராக இருந்த டேனி பயசோன் என்பவர். பந்துருட்டும் விளையாட்டுக்கூடம் ஒன்றை நடத்தி வந்தவர். விறுவிறுப்பான ஆட்டங்களில் ஒவ்வொரு கோஷ்டியும் ஏறத்தாழ 60 முறை கூடைக்கு எறிவதை அவர் கவனித்தார். இரு கோஷ்டிக்கும் சேர்த்து 120 முறை. 48 நிமிடம் என்பது 2,880 விநாடி. வகுத்தால் 24. பந்தைப் பெற்ற கோஷ்டி 24 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று 1954ல் விதி வந்தது. பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கணக்குத்தான். ஆனால் அதைப் போட்டுப் பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது! முந்தைய ஆண்டில் ஒரு கோஷ்டி ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரிப் புள்ளி 79. புதிய விதியின் முதல் ஆண்டிலேயே அது 93 ஆயிற்று. அந்த ஆண்டின் இறுதிப் பந்தயத்தில், ஏழாவது ஆட்டத்தில், ஃபோர்ட் வெய்ன் கோஷ்டி 17 புள்ளி முன்னே நின்றது. பழைய காலமாயின் பந்தை ஒளித்து வைத்தே வென்றிருக்கலாம். 24 விநாடி அதற்கு இடம் கொடுக்கவில்லை. 92க்கு 91 என்று வென்றது பயசோனின் சிரக்யூஸ்.

கல்லூரியார் இதைக் கண்டும் முப்பது ஆண்டுகள் வாளாவிருந்தனர். நாடு முழுதும் 45 விநாடிக் கடிகாரத்தை அவர்கள் ஏற்றது 1985ன் இறுதியில் தொடங்கிய பருவத்தில். அது 30 விநாடியாகக் குறைந்தது 2015ல். வலிமை குன்றிய கல்லூரி வலியதை எதிர்க்க நிதானம் ஒன்றே ஆயுதம் என்பது அவர்கள் வாதம். அதை நான் பலமுறை ஏளனம் செய்திருக்கிறேன். ஆனால் ஏளனத்தை அடக்க வேண்டிய ஓர் ஆட்டமும் உண்டு. கடிகாரம் இல்லாத கடைசி ஆண்டாகிய 1985ல், எட்டாம் தரத்தில் வைக்கப்பட்ட வில்லனோவா, பாட்ரிக் யூயிங் ஆடிய ஜார்ஜ்டவுனை இறுதிப் பந்தயத்தில் 66க்கு 64 என்று வீழ்த்தியது. பொறுத்திருந்து, நல்ல வாய்ப்பு வந்தபோது மட்டும் எறிந்தனர். எறிந்த 28ல் 22 கூடைக்குள் விழுந்தன. நான் வெறுத்த முறையே, நான் போற்றும் ஆட்டத்தைத் தந்தது.

தொழில்முறைப் பந்தயத்தில் ஒரு கோஷ்டி நான்கு ஆட்டங்களை வென்றால்தான் எதிரியை வெளியேற்ற முடியும். ஒரு நாளைய அதிர்ஷ்டம் ஏழு நாள் நிலைப்பதில்லை. சிறந்தவரே பெரும்பாலும் வெல்வர். நீதி என்ற வகையில் இதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. கல்லூரிகளின் மார்ச்சுப் பந்தயத்திலோ, ஒருமுறை தோற்றால் வீடு திரும்ப வேண்டியதுதான். ஆடவர் பந்தயத்தில், பதினாறாம் தரக் கோஷ்டிகளை முதல் தரக் கோஷ்டிகள் 135 முறை எதிர்த்து, 135 முறையும் வென்றிருந்தன. (பெண்கள் பந்தயத்தில் ஹார்வர்டு 1998லேயே அச்சுவரை உடைத்துவிட்டது, அதை மறந்து பேசுவோர் பலர்.) 2018 மார்ச்சு 16ஆம் நாள், மேரிலாந்து பல்கலைக் கழகத்தின் பால்டிமோர் கவுண்டிக் கிளை, முதலிடத்தில் இருந்த வர்ஜீனியாவை 74க்கு 54 என்று தோற்கடித்தது. இருபது புள்ளி வித்தியாசம்! அன்று நாடே வர்ஜீனியாவைப் பார்த்துச் சிரித்தது. நிதானமாக ஆடுவதற்குப் பெயர் போன கோஷ்டி அது. அந்நிதானமும் சிரிப்புக்கு இலக்காயிற்று.

இதற்கிடையில் பணத்தின் பேச்சு வருகிறது. மார்ச்சுப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமை 2010ல் பதினான்கு ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விலை போயிற்று. ஆடிய மாணவருக்கு அதில் பங்கில்லை. படிப்புச் செலவு கிடைத்தது. 2021ல் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு அளித்துப் பொருள் பெறலாம் என்றாயிற்று. 2025 முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் அளிக்கின்றன. என் தலைமுறை ரசிகர் பலர் இதைக் கேட்டு வருந்துகின்றனர். நான் வருந்தவில்லை. பயிற்சியாளர் கோடீசுவரராகலாம், வியர்வை சிந்துகிறவன் மட்டும் தியாகியாக இருக்க வேண்டும் என்பது நேர்மையன்று.

என் மனக்குறை வேறு. கல்லூரி மாறுகிறவர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற பழைய விதியும் 2021ல் தளர்ந்தது. இப்போது ஆண்டுதோறும் ஆட்டக்காரர் ஆயிரக்கணக்கில் இடம் மாறுகின்றனர். சென்ற ஆண்டு கைதட்டிய முகத்தை இந்த ஆண்டு எதிர்க் கோஷ்டியில் காண்கிறேன். மாறும் உரிமையை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் 2018ல் அவமானப்பட்ட வர்ஜீனியா இளைஞர்களை நினைக்கும்போதெல்லாம், இன்றாயின் அவர்கள் தங்கியிருப்பார்களா என்று கேட்டுக்கொள்கிறேன். கைல் கய், டை ஜெரோம் இருவரும் அந்தத் தோல்வியில் ஆடியவர்கள். இருவரும் அதே சட்டையுடன் மறு ஆண்டும் வந்தனர்.

2019 ஏப்ரல் 6. அரையிறுதி ஆட்டம், அதே மினியாபொலிஸ் நகரில். ஆபர்ன் 62, வர்ஜீனியா 60. கடிகாரத்தில் எஞ்சியிருந்தது ஒரு விநாடிகூட அன்று. பத்தில் ஆறு பங்கு. மூன்று புள்ளிக்கு எறிந்த கய் மீது எதிராளி மோதிவிட, தடுப்பாரின்றி மூன்று முறை எறியும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. முதலாவது விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. அவர் மனத்தைக் கலைக்க ஆபர்ன் கோஷ்டி இடைவேளை கேட்டது. கய் மீண்டும் கோட்டருகே வந்து நின்று மூன்றாவதையும் எறிந்தார். 63க்கு 62. இரண்டு நாள் கழித்து வர்ஜீனியா பட்டத்தை வென்றது.