வயிற்றுவலிக்குப் பின்னால் இருந்த பயம்
(ஆதரவாளர் கூடுகையில் பேசியதன் சுருக்கம்)



நீங்கள் அனுப்பும் காணிக்கை எங்கே போகிறது என்று கேட்டீர்கள். ஒரு பையனைப் பற்றிச் சொல்லுகிறோம்.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், ஜைன மடத்தால் பெயர்பெற்ற மேல்சித்தாமூர்ப் பக்கத்துப் பிள்ளை, வயது 13. திங்கட்கிழமை விடிந்தால் வயிற்றுவலி, வாந்தி. பள்ளிக்கூட பஸ் போய்விட்டால் வலியும் போய்விடும். தகப்பனார் அடித்துப் பார்த்தார். தாயார் தாயத்துக் கட்டினார். நாங்களும் முதல் தடவை பூச்சி மருந்து கொடுத்து அனுப்பினோம். வெட்கத்தோடுதான் இதைச் சொல்லுகிறோம்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்தபோதுதான் அவனோடு தனியே உட்கார்ந்து பேசினோம். வகுப்பில் உரக்க வாசிக்கும்போது திக்கியிருக்கிறது, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். ஊர் சுற்றுவதற்காக மட்டம் போடுகிறவன் வீட்டுக்குத் தெரியாமல் போடுவான். இவனோ வீட்டிலேயே கிடந்து, படிக்க முடியவில்லையே என்று அழுதான். இது சோம்பல் அல்ல, பயம்.

வீட்டில் தங்கும் ஒவ்வொரு நாளும் பயம் தற்காலிகமாக அடங்கும். மறுநாள் இன்னும் பெரிதாகும். ஆகவே படிப்படியாக அனுப்பினோம். முதலில் சீருடை போட்டுப் பள்ளி வாசல்வரை. பிறகு தலைமையாசிரியர் அறையில் அரைமணி நேரம். பிறகு ஒரு பீரியட். பயம் வரும்போது நிதானமாக மூச்சுவிடப் பழக்கினோம். ஆசிரியரும் சில வாரம் அவனை வாசிக்கச் சொல்லவில்லை.

பயம் குறைய மாத்திரையும் தந்தோம். "பைத்திய மாத்திரையா?" என்று தகப்பனார் கலங்கினார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறோம். பதற்ற நோயுள்ள, 7 முதல் 17 வயதுவரையான 488 பிள்ளைகளை அமெரிக்காவில் 12 வாரம் ஆராய்ந்து, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மனப்பயிற்சியும் செர்ட்ராலைன் மாத்திரையும் சேர்ந்தபோது 100-க்கு 81 பேர் நன்கு தேறினர். பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 60. மாத்திரை மட்டும் என்றால் 55. வெற்று மாத்திரைக்கு 24. இது தூக்க மாத்திரை அல்ல, பழக்கமாகிவிடாது. பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஆரம்ப வாரங்களில் படபடப்போ, சாகவேண்டும் என்ற எண்ணமோ வருகிறதா என்று கவனிக்க வேண்டும், திடீரென்று நிறுத்தக்கூடாது. எல்லாப் பிள்ளைக்கும் மாத்திரை தேவைப்படுவதுமில்லை.

நான்காம் மாதம் முழுநாளும் பள்ளியில் இருந்தான். காலாண்டு விடுமுறை முடிந்ததும் வயிற்றுவலி திரும்பியது. மறுபடியும் பள்ளி வாசலிலிருந்து தொடங்கினோம். இம்முறை பத்தே நாள்தான் ஆயிற்று.

மாத்திரையின் விலை பெரிதல்ல. உட்கார்ந்து பேச ஒரு ஆளும், பள்ளிவரை போய்வர ஜீப்புக்கு டீசலுமே செலவு. அதை நீங்கள் தாங்குகிறீர்கள், நன்றி.

உங்கள் ஞாயிறு பள்ளியிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். அடிக்காதிருங்கள், அழைத்து வாருங்கள். தூரமானால், 2022 முதல் இயங்கும் அரசின் இலவச மனநல எண் 14416-இல் பேசுங்கள்.