காலைக் கழுவ ஆள், கோயிலைக் கழுவ ஆள்

(வடசேரியில், தவக்காலத்தில் மாணவர் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஈஸ்டர் நெருங்குது. பங்குகளில் வேலை தொடங்கியாச்சு. குருத்தோலைக்கு ஆள் சொல்லியாச்சு, பாடகர் குழு ராத்திரி பத்து மணிவரை பழகுது, கோயில் சுவருக்கு வெள்ளையடிக்கிறாங்க. இந்த நேரத்தில் என் அம்மை சொன்ன ஒரு வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன்.

2021 அக்டோபரில் போப் பிரான்சிஸ் ரோமில் ஒரு மாமன்றத்தைத் தொடங்கினார். உலகம் முழுக்கப் பங்கு மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும், விளிம்பில் கிடப்பவர்களிடம் தேடிப்போய்க் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. எங்கள் பங்கிலும் அன்பியக் கூட்டத்தில் தாள் கொடுத்தார்கள். பங்கின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. உங்கள் பங்கின் பெயரை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அம்மைக்கு எழுத வராது. நான் பேனாவோடு உட்கார்ந்தேன். திருச்சபையோடு சேர்ந்து நடக்கிற உங்கள் அனுபவம் என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு சொன்னாள்:

"எழுது மக்கா. பெரிய வியாழனுக்குக் காலு கழுவ ஆளு வேணும்னா நம்மளக் கூப்பிட மாட்டாவ. அதுக்கு முந்தின நாளு கோயிலக் கழுவ ஆளு வேணும்னா நம்மளத்தான் கூப்பிடுவாவ."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். சில மாதம் கழித்துப் பங்கின் தொகுப்பறிக்கையை வாசித்தார்கள். "வழிபாட்டில் இன்னும் ஆர்வமாகப் பங்கேற்க மக்கள் விரும்புகிறார்கள்" என்று அதில் ஒரு வரி இருந்தது. அம்மையின் வார்த்தை அந்த வரிக்குள்ளேதான் புதைக்கப்பட்டிருக்க வேண்டும். மூன்றாம் நாள் அது உயிர்த்தெழவில்லை.

சீடர்களின் காலைக் கழுவியவர் இயேசு. கழுவுவது அன்றைக்கு அடிமையின் வேலை. குரு அந்த வேலையைச் செய்தார் என்பதுதான் அந்தச் சடங்கின் கலகம். 2013இல் போப் பிரான்சிஸ் ரோமில் சிறார் சிறைக்குப் போய்க் கைதிகளின் காலைக் கழுவினார். 2016 ஜனவரியில் பெண்களின் காலையும் கழுவலாம் என்று வத்திக்கான் ஆணை போட்டது. நம்ம ஊரில் அந்தப் பன்னிரண்டு நாற்காலியும் கௌரவத்துக்கான இடமாகிவிட்டது. திருவிழாவுக்கு நன்கொடை எழுதுகிறவர், கமிட்டிக்காரர், அவர் மச்சான். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிய காலைக் கோயிலில் மறுபடி கழுவுகிறோம்.

"கருத்துச் சொல்ல நீ யார்?" என்று கேட்டால் பதில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 212: திருச்சபையின் நன்மை பற்றிய தங்கள் கருத்தை மேய்ப்பர்களிடம் தெரிவிக்க இறைமக்களுக்கு உரிமை உண்டு, சில வேளை கடமையும் உண்டு என்கிறது. ஆனால் அதே நூலில் 536ஆம் சட்டம், பங்குப் பேரவைக்கு ஆலோசனை சொல்லும் குரல் மட்டுமே என்கிறது. சொல்லலாம், கேட்டே ஆகவேண்டும் என்று இல்லை. சிக்கல் இங்கேதான்.

எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்பதில்லை? இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, நம்ம பக்கத்துக் கோட்டாறு. சவேரியார் பேராலயத்தில் அடக்கமாகியிருப்பவர் தேவசகாயம். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். சாதி பாராமல் எல்லோரோடும் பழகியவர் என்று திருச்சபையே பெருமை பேசுகிறது. 2020 பிப்ரவரியில் அவரைப் புனிதராக்க ரோம் வழிதிறந்தபோது அறிவிப்பில் இருந்த பெயர் 'தேவசகாயம் பிள்ளை'. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர் உள்ளிட்டவர்கள் ரோமுக்கு எழுதினார்கள்: சாதிப் பெயரை எடுங்கள். எடுத்தார்கள். 2022 மே 15 அன்று அவர் வெறும் தேவசகாயமாகப் புனிதரானார். இது வெற்றிதான். கைதட்டலாம்.

இரண்டாவது, எறையூர். அன்றைக்கு விழுப்புரம் மாவட்டம், இன்றைக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம். அங்கே தலித் கத்தோலிக்கர்கள் தாங்கள் கட்டிய கோயிலைத் தனிப் பங்காக்கச் சொல்லிப் போராடினார்கள். 2008 மார்ச் 9, ஈஸ்டருக்குச் சரியாக இரண்டு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை. வன்னியக் கத்தோலிக்கர்கள் சேரிக்குள் புகுந்து வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஜெபமாலை, ஒரே நற்கருணை.

ஏன் அங்கே காது திறந்தது, இங்கே திறக்கவில்லை? பெயரிலிருந்து ஒரு சொல்லை எடுத்தால் யார் கையிலிருந்தும் எதுவும் போவதில்லை. தனிப் பங்கு என்றால் தனிச் சாமியார், தனிக் கணக்கு, தனித் திருவிழா. அதிகாரம் இடம் மாறும். அதிகாரத்தைத் தொடாத கருத்துக்குத்தான் நம் திருச்சபையில் காது உண்டு.

"இதையெல்லாம் வெளியே பேசினால் மதவெறியர்களுக்கு வசதியாகிவிடும்" என்று சில சாமியார்கள் சொல்கிறார்கள். தோழர்களே, 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவர்களைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. நமக்குத் திறக்கவில்லை. டெல்லியில் போய் "எங்களுக்குள்ளும் சாதி இருக்கிறது, உரிமை கொடு" என்று கேட்கிற திருச்சபை, ஊருக்குள் வந்து "நமக்குள் சாதி இல்லை, சும்மா இரு" என்று சொன்னால் எப்படி? இந்திய ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்ற கணக்கும் அதில்தான் இருக்கிறது. நாம் சிறுபான்மை இல்லை. இந்த வீடே நம்முடையது.

நான் வங்கியில் கிளார்க். எங்கள் கவுண்டரில் ஐந்நூறு ரூபாய் கணக்கு வைத்திருக்கிற கிழவி புகார் கொடுத்தாலும் ஒரு எண் போட்டுத் தேதி போட்டுக் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அவள் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அம்மையின் தாளுக்கு எண் இல்லை, தேதி இல்லை, பதிலும் இல்லை.

ஆகவே இந்த ஈஸ்டருக்கு ஒரு சின்ன வேலை. அவரவர் பங்கில் உட்கார்ந்து கவனியுங்கள். பன்னிரண்டு பேர் யார்? பாஸ்கா இரவில் வாசகம் வாசித்தது யார்? நிதிக்குழுவில் யார்? 537ஆம் சட்டப்படி நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம். கல்லறைத் தோட்டத்தில் நம் பிணத்துக்கு எந்த மூலை? எழுதுங்கள். 212ஆம் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் பங்கு அலுவலக முத்திரை வாங்குங்கள். தூய ஆவி பெருவிழா வரை 50 நாள் தவணை கொடுப்போம். வங்கியைவிட 20 நாள் கூடுதல். பதில் இல்லையென்றால் ஆயரிடம், அப்புறம் தேவசகாயத்துக்குப் போன அதே விலாசத்துக்கு.

"இவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் ஏன் அங்கே கிடக்கிறீங்க?" என்று தோழர்கள் கேட்பது எனக்குத் தெரியும். நியாயமான கேள்வி. அதை அம்மையிடமே கேட்டேன். முறத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "நான் கழுவின கோயில விட்டு நான் எதுக்குப் போணும்?"

பெரிய புதனன்று அவளைக் கூப்பிட ஆள் வரும். அவள் போவாள். இந்த முறை துடைப்பத்தோடு முத்திரை போட வேண்டிய தாளும் கூடப் போகும்.