அறுந்தால் தானே கூடும் ரப்பர்

(செமினி வட்டாரத் தொழிலாளர் கூட்டமொன்றில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அதற்கும் வருகிறேன். அதற்கு முன், நாம் நாள்தோறும் தொட்டுப் புழங்கும் பாலைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதி வேண்டுகிறேன்.

விடியற்காலை பெரட்டு முடிந்து மரத்தில் உளி வைக்கிறீர்கள். பட்டை சீவியதும் பால் வழிந்து மங்கில் சொட்டுகிறது. சில மணி நேரம் சென்றதும் தானாக நின்றுவிடுகிறது. நிறுத்தியது யார்? நீங்களும் அல்ல, கங்காணியும் அல்ல, மரமேதான். பாலுக்குள் ரப்பர்த் துகள்களோடு 'லூட்டாய்டு' என்னும் மிக நுண்ணிய பைகளும் மிதக்கின்றன. பட்டையை வெட்டியதும் அந்தப் பைகள் உடைகின்றன. அவற்றிலிருந்து 'ஹெவீன்' என்னும் புரதம் வெளிவந்து, ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுகிறது. பால் குழாயின் வாய் அடைபடுகிறது. எத்தெஃபோன் மருந்து தடவினால் பால் வெகு நேரம் ஓடுகிறதே, அது இந்த அடைப்பு தாமதப்படுவதால்தான். பிறகு மெல்ல மெல்லப் புதுப்பட்டை வளர்கிறது. உளி ஆழப் பாய்ந்து மரத்தைத் தொட்டுவிட்டால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகத்தான் வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

ஆக, காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும் வித்தை நம் மரத்துக்குத் தெரியும். இதே வித்தையை, செய்து முடித்த ரப்பர்ச் சாமானுக்கும் கற்றுக்கொடுக்க முடியுமா என்றுதான் இன்றைய விஞ்ஞானிகள் முயல்கிறார்கள். ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகத்தார், பால் வடியும் செடிகளின் காயம் எப்படி மூடுகிறது என்று இதற்காகவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

காய்ந்த ஒட்டுப்பாலை இழுத்துச் சுருட்டிப் பந்து செய்து விளையாடாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? நானும் செய்தவன்தான். பச்சை ரப்பரில் இரண்டு துண்டை வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். காரணம், ரப்பர் என்பது நீண்ட நீண்ட இழைகளின் சிக்கல். இந்தத் துண்டின் இழை அந்தத் துண்டுக்குள் நுழைந்து பின்னிக்கொள்கிறது. ஆனால் பச்சை ரப்பருக்குப் பலம் இல்லை; வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் அதில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி, இழைகளுக்கிடையே நிரந்தரப் பூட்டுப் போட்டார். டயர் பிறந்தது அந்தப் பூட்டால்தான். பூட்டுப் போட்ட பிறகோ இழை நகராது. கிழிந்தால் கிழிந்ததுதான், உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. பழைய டயர்கள் மலைபோல் குவிந்து கிடப்பதற்கும் அதுவே காரணம்.

பலம் வேண்டுமானால் பூட்டு வேண்டும். ஆறவேண்டுமானால் பூட்டு கூடாது. இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் பாரிஸ் நகரத்து லுத்விக் லைப்லர். அவரும் அவருடைய கூட்டாளிகளும் 2008-ல் ஒரு புதுவித ரப்பரை வெளியிட்டார்கள். மூலப்பொருள் என்ன தெரியுமா? செடிகொடிகளின் எண்ணெயிலிருந்து கிடைக்கும் கொழுப்பு அமிலமும், நாம் உரமாகப் போடும் யூரியாவும், இன்னும் ஓரிரண்டு இரசாயனமும்! அதில் நிரந்தரப் பூட்டு இல்லை. கழன்று திரும்பவும் மாட்டிக்கொள்ளும் கொக்கிகள் உண்டு. கத்தியால் வெட்டி, வெட்டுவாய்களைச் சேர்த்துப் பிடித்தால், சூடோ பசையோ இல்லாமல் கூடிக்கொள்கிறது. ஆனால் வெட்டிய துண்டுகளை நெடுநேரம் பிரித்து வைத்துவிட்டால் கூடும் சக்தி குறைந்துபோகும். கணவன் மனைவி சண்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

அது நம் மரத்து ரப்பர் அல்ல. நம் ரப்பரிலும் இதே வழியில் முயற்சி நடக்கிறது. பினாங்கு மாநிலம் நிபோங் திபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில், கந்தகப் பூட்டுக்குப் பதிலாகத் துத்தநாகச் சேர்மத்தால் மின்கவர்ச்சிக் கொக்கி போட்டு, வெட்டினால் கூடும் ரப்பரைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று 'இ.என்.ஆர்.' எனப்படும் எபாக்சி ஏற்றிய இயற்கை ரப்பர். நம் நாட்டு ரப்பர் ஆராய்ச்சியாளர்கள் வளர்த்தெடுத்த சரக்கு இது. பாலில் ஃபார்மிக் அமிலமும் ஐதரசன் பெராக்சைடும் சேர்த்து ஆக்குவது. இத்தாலியின் மிலான் நகரத்து ஆய்வாளர்கள் இதை வேறொரு பிளாஸ்டிக்கோடு கலந்து, குண்டு துளைத்த ஓட்டை தானே மூடிக்கொள்வதை 2011-ல் காட்டினார்கள்.

பத்திரிகையில் படித்துவிட்டு, நாளைக்கே பஞ்சர் ஒட்டும் கடைகளை மூடிவிடுவார்கள் என்று நம்பிவிடாதீர்கள். நன்றாக ஆறும் ரப்பருக்குப் பலம் போதவில்லை. பலம் ஏறினால் ஆறுவது குறைகிறது. இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடச் சரக்குத்தான்.

இந்தப் பேச்சை ஒருமுறை பால் நிறுக்கும் இடத்தில் எடுத்தபோது ஓர் அக்கா கேட்டார்: "கிராணி ஐயா, ரப்பர் கிழியாமலே கிடந்தால் நம்ம பாலை யார் வாங்குவான்?" நியாயமான கேள்வி. செயற்கை ரப்பர் வந்து விலையைச் சாய்த்த கதையை நம் பெரியவர்கள் அனுபவித்தவர்கள். பக்கத்துக் காஜாங்கில் 1890-களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் பயிரிட்ட காலம் முதல் இந்த வட்டாரம் பால்மரத்தால் வாழ்ந்தது. இன்று செமினியில் ரப்பர் இருந்த இடமெல்லாம் வீடமைப்பு. ஆகவே அந்த அக்காவின் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன்.

ஆனாலும் எனக்கு வேறொரு கணக்கு தோன்றுகிறது. இ.என்.ஆர். செய்ய மங்கில் உறைந்து அழுக்கேறிய கட்டி உதவாது. சுத்தமான பால் வேண்டும். பால் வேண்டுமென்றால், வெட்டிய அன்றே மறுபடி நிரை சுற்றி, மங்கு மங்காக ஊற்றி, உறைவதற்குள் அம்மோனியா சேர்த்து நிறுவைக்குக் கொண்டுவர வேண்டும். மழை வந்தால் அன்றைய பாடு போயிற்று. கட்டி பொறுக்குவதைவிட இது இரட்டிப்பு வேலை. மெட்ரோலாக் பிடித்துப் பாலின் தரம் பார்ப்பவன் நான்; இதை நேரில் காண்கிறேன். பல இடங்களில் கட்டியாகவே விற்றுவிடுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் சோம்பல் அல்ல. அந்த இரண்டாம் சுற்றுக்குத் தக்க கூலி இல்லை.

சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். அது பொதுவான அடித்தளம். உயர்ந்த விலைக்குப் போகும் சரக்குக்குப் பால் கேட்கும் நிர்வாகம், பால் எடுக்கும் கைக்கு அந்த அடித்தளத்துக்கு மேல் தனிப்படி தரவேண்டும்; மழையில் கெட்ட பாலுக்கும் ஒரு கணக்கு வேண்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் இதை ஒரு கோரிக்கையாக வைக்கவேண்டுமென்று இந்தக் கூட்டத்தின் முன் முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர்கள் கை தூக்குங்கள். எண்ணிக்கையை நானே எழுதிக்கொள்கிறேன்.