குணம் சொல்லும் ஆங்கிலச் சொற்களும் மிங்கலாடோன் தமிழரும்



யாங்கோன் நகரின் வடக்கே உள்ள மிங்கலாடோன் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது வானூர்தி நிலையம். 2021 பெப்ரவரியில் படையினர் ஆட்சியைக் கைப்பற்றியதும், 2024 பெப்ரவரியில் கட்டாயப் படைச்சேவைச் சட்டம் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டதும், அந்நிலையத்தின் வழியாக நாட்டைவிட்டுச் செல்ல விழையும் இளையோரின் தொகையைப் பெருக்கின. அவர்களுள் பர்மியத் தமிழ்ப் பிள்ளைகளும் உளர். வீட்டில் தமிழும் பள்ளியில் பர்மிய மொழியும் பேசி வளர்ந்த அவர்களுக்கு, வெளியுலகின் கதவைத் திறப்பது மூன்றாவது மொழியாகிய ஆங்கிலமே.

கதவருகே நிற்பவர் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நீங்கள் எப்படிப்பட்டவர்?" சிங்கப்பூர் நிறுவனத்தின் நேர்காணலிலும் இதே கேள்வி, பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் இதே கேள்வி. ஐ.ஈ.எல்.டி.எஸ். பேச்சுத் தேர்விலோ, ஒரு மனிதரை விவரிக்குமாறு கேட்டு, ஒரு நிமிடம் சிந்திக்கவும் இரண்டு நிமிடம் வரை பேசவும் விடுவதுண்டு. அத்தேர்வில் மதிப்பெண் நான்கு கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. அவற்றுள் ஒன்று முழுவதும் சொல்வளத்திற்கு உரியது. ஆகவே பயிற்சி வகுப்புகள் பட்டியல்களைத் தருகின்றன. மாணவரும் மெட்டிகுலஸ், டெனேஷஸ், கிரிகேரியஸ், மேக்னானிமஸ் என்று மனப்பாடம் செய்கின்றனர். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒற்றைப் பொருள். இடர்ப்பாடு அந்த ஒற்றைப் பொருளில்தான் தொடங்குகிறது.

ஆங்கிலத்தில் மனிதரின் குணத்தைச் சொல்லும் சொற்கள் எத்தனை என்று இருவர் எண்ணிப் பார்த்தனர். கார்டன் ஆல்போர்ட், ஹென்றி ஆட்பர்ட் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1936இல் வெளியிட்ட ஆய்வில், பெரிய வெப்ஸ்டர் அகராதியிலிருந்து 17,953 சொற்களைத் திரட்டி நான்கு பிரிவுகளாக வகுத்தனர். நிலையான குணத்தைக் குறிப்பவை 4,504. கணநேர மனநிலையைக் குறிப்பவை 4,541. எதிலும் அடங்காத எச்சம் 3,682. எஞ்சிய பிரிவு, பிறரைப் பற்றித் தீர்ப்புக் கூறும் சொற்கள், அவை 5,226. நான்கினுள் அதுவே பெரியது! இன்னார் எப்படிப்பட்டவர் என்று விளக்கும் சொற்களைவிட, அவர் நல்லவரா தீயவரா என்று முடிவுகட்டும் சொற்களே அம்மொழியில் மிகுதி. தமிழில் எண்ணிப் பார்த்தாலும் இதே முடிவு வரக்கூடும். ஆனால் தாய்மொழியில் எந்தச் சொல் எங்கே சுடும் என்பது நாவுக்கே தெரியும். கற்ற மொழியில் அது தெரியாது.

இந்தச் சூட்டைப் பர்மாவுக்கு வந்த தமிழர் நன்கு அறிவர். அதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வானூர்தி நிலையத்திலிருந்து பியே சாலையில் மேலும் வடக்கே சென்றால், அதே மிங்கலாடோன் வட்டத்தில் தௌக்கியான் போர்க் கல்லறை வளாகம் உள்ளது. இரண்டாம் உலகப் போரில் மடிந்த 6,374 பேரின் கல்லறைகள் அங்கு உள்ளன. நடுவே எழும் இரங்கூன் நினைவுச்சின்னத்தின் தூண்களில், கல்லறையே கிடைக்காத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தென்னாட்டுப் படைவீரர்களின் பெயர்களும் அவற்றுள் அடக்கம்.

அப்போருக்கு அரை நூற்றாண்டு முன்னர், தென்னாட்டார் போருக்குத் தகுதியற்றவர் என்று ஓர் ஆங்கிலச் சொல் தீர்ப்பெழுதியிருந்தது. 'மார்ஷல்' என்பது அச்சொல். போர்க்குணம் உடைய என்று பொருள். 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்கும், பின்னர் 1893 வரை இந்தியப் படை முழுவதற்கும் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, நெடுங்கால அமைதி மதராஸ் வீரரின் போர்க்குணத்தை மழுங்கடித்துவிட்டது என்று கருதினார். 1897இல் வெளியான தம் நினைவுக்குறிப்பிலும் அதை எழுதினார். விளைவு ஏட்டளவில் நிற்கவில்லை. 1890களின் தொடக்கத்தில், மதராஸ் காலாட்படைப் பிரிவுகள் பல கூர்க்கர், சீக்கியர், பஞ்சாபியரைக் கொண்ட பர்மாப் பட்டாலியன்களாக மாற்றப்பட்டன. 1920களின் இறுதிக்குள் மதராஸ் காலாட்படையே ஏறத்தாழ மறைந்தது. ஒரு பெயரடை இத்தனை குடும்பங்களின் சோற்றில் கை வைத்தது. போர் மூண்டு ஆள் தேவைப்பட்டபோது அதே மதராஸ் ரெஜிமென்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. மதராஸ் சாப்பர்கள் பர்மாப் போர்முனையில் பாலமும் பாதையும் அமைத்தனர். அச்சொல்லை எவரும் முறையாகத் திரும்பப் பெற்றதாகத் தெரியவில்லை. தேவை வந்ததும் பேசாமல் விட்டுவிட்டனர், அவ்வளவே.

இன்னொரு சொல் 'டோசைல்'. பணிவானவர், சொன்னபடி கேட்பவர் என்று பட்டியல்கள் பொருள் தருகின்றன. மாணவர் சிலர் அதை நற்பண்பாக எண்ணித் தம்மைப் பற்றிச் சொல்லத் துணிகின்றனர். மலாயாவின் இரப்பர்த் தோட்ட முதலாளிகள் தமிழ்த் தொழிலாளரை விரும்பி அழைத்ததற்குக் கூறிய காரணங்களுள் முதன்மையானது இச்சொல்லே. பழக்கிய மாட்டுக்கும் பொருந்தும் சொல் அது. கூலியை உயர்த்தாமல் வைத்திருக்க அதைப் போன்ற வசதியான பாராட்டு வேறில்லை. அவ்வாறு அழைக்கப்பட்டவர்களே 1941இல் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தனர். 1943க்குப் பின் இந்திய தேசிய இராணுவத்தில் பெருமளவில் சேர்ந்தனர். அத்தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்திப் பர்மா வரை வந்தனர்.

செட்டியார் சமூகத்தின் கதை இன்னும் நுட்பமானது. கீழ்ப் பர்மாவின் நெல்வயல்களுக்குக் கடன் கொடுத்த காலத்தில், அரசு அலுவலர் அவர்களை 'த்ரிஃப்ட்டி' என்றனர். சிக்கனமானவர், கணக்கில் நேர்மையானவர் என்று புகழ்ந்தனர். 1930இல் நெல்விலை சரிந்தது. கடனைத் திருப்ப இயலாத உழவரின் நிலம் கைமாறியது. முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், அப்பத்தாண்டின் பிற்பகுதியில் 25 விழுக்காடானது. த்ரிஃப்ட்டி மறைந்து 'க்ராஸ்ப்பிங்' வந்தது. பேராசை பிடித்தவர் என்று பொருள். கணக்கேடும் வட்டியும் முன்பு இருந்தவையே. மாறியது பார்ப்பவரின் வயிறு. நிலமிழந்த பர்மிய உழவரின் இடத்தில் நின்று பார்த்தால் அச்சொல்லில் நியாயம் இல்லாமலும் இல்லை என்பதையும் இங்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஆகவே மாணவர் முதலில் பயில வேண்டியது சொல்லின் பொருளையன்று, அதன் சாய்வை. சிக்கனத்தையே எடுத்துக்கொள்க. ஃப்ரூகல் என்றால் மதிப்பு. த்ரிஃப்ட்டி என்றால் பாராட்டு. பார்சிமோனியஸ் என்றால் முகச்சுளிப்பு. ஸ்டிஞ்ஜி என்றால் வசை. நான்கையும் 'சிக்கனமான' என்று எழுதிப் படித்தவர், தம் தந்தையைப் புகழ எழுந்து கஞ்சன் என்று சொல்லி அமர்வார். அவ்வாறே விடாப்பிடிக்கும் ஒரு வரிசை உண்டு: ரெசலூட், டெனேஷஸ், ஸ்டபர்ன், ஆப்ஸ்டினேட். தன்னிடம் இருந்தால் உறுதி, எதிரில் இருப்பவரிடம் இருந்தால் பிடிவாதம், அங்கில்லாதவரிடம் இருந்தால் மடத்தனம் என்று, இத்தகைய வரிசைகளை வைத்துத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948இல் பி.பி.சி. வானொலியில் வேடிக்கை காட்டினார். வகுப்பில் அவ்விளையாட்டை ஆடிப் பார்ப்பது, பட்டியலை நூறுமுறை எழுதுவதைவிடப் பயன் தரும்.

தமிழின் பழக்கம் ஆங்கிலத்தில் சறுக்கும் இடங்களும் உண்டு. 'எளிமையானவர்' என்பது தமிழில் பெரும்பாராட்டு; தலைவர்களுக்கே அதைச் சூட்டுவது வழக்கம். அதை 'சிம்பிள்' என்று பெயர்த்து ஒரு மனிதருக்குச் சொன்னால், அறிவு மட்டானவர் என்று கொள்ளப்படக்கூடும். அங்கே உரிய சொல் 'அன்அஸ்யூமிங்'. மணமகள் விளம்பரங்களில் வரும் 'ஹோம்லி', அமெரிக்கர் காதில் அழகற்றவள் என்றே விழும். 'இன்னசன்ட்' என்று அப்பாவியைச் சொன்னால், அவர்மீது என்ன வழக்கு என்று கேட்பார்கள்.

பர்மிய மண்ணில் வளர்ந்தோருக்கு மற்றுமொரு சிக்கல். பர்மியர் 'ஆ நா' என்று சொல்வது, பிறருக்குத் தொல்லை தரவோ அவர் முகம் வாட விடவோ மனம் கூசித் தன் தேவையை அடக்கிக்கொள்ளும் பண்பு. இதற்கு நேரான ஆங்கிலச் சொல் இல்லை. அப்பண்போடு நேர்காணலில் அமரும் பிள்ளை வாய் திறக்கத் தயங்கும்போது, எதிரே இருப்பவர் தம் குறிப்பேட்டில் எதை எழுதுவார்? தன்னம்பிக்கை குறைந்தவர் எனில் 'டிஃபிடென்ட்'. பேச விருப்பமற்றவர் எனில் 'டேசிட்டர்ன்'. ஒட்டாதவர் எனில் 'அலூஃப்'. அளந்து பேசுபவர் எனில் 'ரெட்டிசன்ட்'. வேலை கிடைப்பதும் கிடைக்காததும் இந்நான்கில் எது எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. எழுதப்படுமுன் அப்பிள்ளையே தனக்குரிய சொல்லை எடுத்து வைக்க முடியுமானால், எழுதுபவரின் கை சற்று நிதானிக்கும்.

எடுத்து வைக்கும் முறை கடினமானதன்று. ஒரு சொல், அச்சொல்லுக்கு ஒரு செயல். மெட்டிகுலஸ் என்று மட்டும் சொன்னவரை எவரும் நம்புவதில்லை. கிடங்கின் கையிருப்பை ஒவ்வொரு மாலையும் இருமுறை எண்ணிப் பார்த்தேன் என்று சொன்னவருக்கு அச்சொல்லே தேவைப்படாமலும் போகலாம். இரண்டு நிமிடத்தில் பத்து அரிய சொற்களை அடுக்குவோரைத் தேர்வாளர் எளிதில் கண்டுகொள்வர்.

ஒரு மாணவி தன் பாட்டியைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டாள் எனக் கொள்க. 1964இல் கடைகள் நாட்டுடைமையாக்கப்பட்டு, ஐம்பது, நூறு கியாத் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டு, இலட்சக்கணக்கான இந்தியர் கப்பலேறிய காலத்தில், ஏறாமல் நின்றுவிட்டவர் அப்பாட்டி. 'ஸ்ட்ராங்' என்று சொல்லி அவள் நிறுத்திவிடலாம், பிழையில்லை. ஆனால் துயரை வெளிக்காட்டாதவர் எனில் அவர் 'ஸ்டோயிக்'. விழுந்து எழுந்தவர் எனில் 'ரிசீலியன்ட்'. கையில் இருந்த கொஞ்சத்தைக் கொண்டு இட்லிக் கடை போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவர் எனில் 'ரிசோர்ஸ்ஃபுல்'. அந்த மூன்றில் எது அவர் என்பதை அகராதி சொல்லாது. அன்றிரவு பாட்டியின் அருகே அமர்ந்து, அந்த ஆண்டில் என்ன நடந்தது என்று தமிழில் கேட்டுவிட்டு வந்துதான் அவள் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியும்.